பெற்றோருக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்த கமலவேணி டீச்சர்

போன வாரம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கமலவேணி டீச்சரின் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். "அத்தை, பெரியம்மா காலையில போயிட்டாங்க. முதல்ல உங்களுக்குச் சொல்லச் சொல்லி அம்மா சொன்னாங்க." ஈரத் துணி தோளிலேயே கிடக்க, வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில், முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட தலத்தெருப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். எனக்கு இரண்டாம் வகுப்பு, அவர்களுக்கு மூன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அவர்கள் பாடம் எடுத்தால் என் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொள்ளும். அவர்கள் வகுப்பில் ஈர்க்குச்சிகள் பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டிக் கிடக்கும். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழு போக வேண்டுமென்றால், ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் தரையில் வரும். இரண்டில் ஏழு போகாது. உடனே ஒரு பிள்ளை எழுந்து ஒரு கட்டை அவிழ்க்கும். "கடன் வாங்கிக் கழித்தல்" என்று யாராவது சொன்னால் டீச்சருக்குப் பிடிக்காது. "கடன்னா திருப்பித் தரணும். இங்க யார் திருப்பித் தர்றா? கட்டை அவிழ்க்கிறோம், அவ்வளவுதான்" என்பார்கள்.

இந்த ஈர்க்குச்சியால்தான் வம்பு வந்தது. பெற்றோருக்கு இது படிப்பாகவே தெரியவில்லை. "வாய்ப்பாடு சொல்லச் சொன்னா புள்ள விளக்குமாத்துக் குச்சியைப் பொறுக்குது" என்று வாசலில் பேச்சு. எல்லோரையும்விடக் கோபமாக இருந்தவர் அந்துவான் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்போம். மடிப்புக் கலையாத சட்டையில்தான் வெளியே வருவார். அவருடைய கடைசிப் பெண் செலின் டீச்சரின் மூன்றாம் வகுப்பில் படித்தாள். அவர் சிறுவயதில் பிரெஞ்சுப் பள்ளியில் கற்ற கழித்தல் வேறு. அதே கணக்கில், மேலே ஐம்பத்திரண்டில் உள்ள இரண்டைப் பன்னிரண்டாக்குவார். ஐந்தைத் தொடமாட்டார். அதற்குப் பதில் கீழே இருபத்தேழில் உள்ள இரண்டோடு ஒன்றைச் சேர்த்து மூன்றாக்கிக் கழிப்பார். செலின் ஐந்தை அடித்து நாலு என்று எழுதினால் வீட்டில் அறை விழும். வீட்டு வழியில் போட்டு வந்தால் பள்ளியில் திகைத்து நிற்பாள். கொஞ்ச நாளில் கணக்கு நேரம் வந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு வரவே இல்லை.

அந்துவான் ஐயா இன்னும் சில பெற்றோரோடு தலைமையாசிரியரைப் பார்த்து, "தப்புக் கணக்கு சொல்லித் தர்றாங்க, வேற டீச்சர் போடுங்க" என்றார். தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் பயந்தவர். "ஊரோட ஒத்துப் போயிடுங்கம்மா" என்றார். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "ஒரு சனிக்கிழமை குடுங்க சார். பெத்தவங்க வந்து உட்காரட்டும். அப்புறமும் வேணாம்னு சொன்னா நானே மாத்தல் கேட்டுப் போயிடறேன்."

அந்தச் சனிக்கிழமையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிள்ளைகளின் சின்னப் பலகைகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடவு முடிந்த நாளாகையால் வயல் வேலைக்குப் போகும் அம்மாக்களும் வந்திருந்தார்கள். அந்துவான் ஐயா உட்காரவில்லை.

டீச்சர் அவரிடம் சாக்குக்கட்டியை நீட்டினார்கள். "ஐயா, உங்க வழியைப் போட்டுக் காட்டுங்க." அவர் அழகான கையெழுத்தில் போட்டார். இருபத்தைந்து வந்தது.

"சரியான விடை. கீழ ஏன் ஐயா ஒண்ணு கூட்டுனீங்க?"

"அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சட்டென்று திரும்பி, "சிரிக்காதீங்க. ஐயா வழி ரொம்ப நல்ல வழி" என்றார்கள். பிறகு அவரிடமே கேட்டார்கள். "உங்களுக்கும் செலினுக்கும் இன்னிக்கு எத்தனை வயசு வித்தியாசமோ, பத்து வருசம் போனாலும் அதே வித்தியாசம்தானே?"

"ஆமா, ரெண்டு பேருக்கும்தானே வயசு ஏறுது."

"அதேதான். மேல பத்து உதிரி சேர்த்தீங்க. கீழயும் ஒரு பத்து சேர்த்தீங்க. வித்தியாசம் மாறலை." ஈர்க்குச்சிகளை வைத்து அதைச் செய்தும் காட்டினார்கள். "நீங்க ரெண்டு பக்கமும் பத்தைக் கூட்டுறீங்க, நாங்க இருக்கிற பத்தை அவிழ்க்கிறோம். ரெண்டும் சரி. ஆனா ஒரே நேரத்துல ரெண்டு வழியில இழுத்தா குழந்தை எங்க போகும்?"

அந்துவான் ஐயா தாழ்ந்த குரலில், "இத்தனை வருசம் போட்டேன். ஏன்னு ஒருத்தரும் சொன்னதில்ல, மதாம்" என்றார். அவருக்கும் சின்ன வயதில் இதே கணக்குக்காக விரல் முட்டியில் அடி விழுந்ததாம். அதைச் சொல்லிவிட்டுச் சாக்குக்கட்டியை மெதுவாக வைத்தார்.

அப்போது அஞ்சலை என்ற அம்மா எழுந்தார். நாற்று நடுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. "எனக்கு எந்த வழியும் தெரியாது டீச்சர். எம்மவனுக்கு நான் என்னத்த ஒத்தாசை பண்ணுறது?"

"'எப்படிடா வந்துச்சு'ன்னு மட்டும் கேளுங்க. அவன் உங்களுக்குச் சொல்லிப் புரியவச்சுட்டா அவனுக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

திங்கட்கிழமை செலினை அவள் அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். வாசலில் நின்று, "இனிமே இங்கத்து வழிதான். நான் கேட்கிறேன், இவ சொல்லட்டும்" என்றார். அவள் வயிற்றுவலி அதோடு போயிற்று. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் பிரான்சுக்குக் கிளம்பியபோது செலின் டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாமே நல்லபடி முடிந்ததாகச் சொல்ல மாட்டேன். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே வேறு பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகள் சிலர் திரும்பவில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் அந்தப் பெயர்களில் கொஞ்சம் தயங்குவதைத் தட்டி வழியே கேட்டிருக்கிறேன். ஆனால் மாற்றல் பேச்சு நின்றது. சனிக்கிழமைக் கூட்டம் எண்பதுகளிலும் தொடர்ந்தது.

கடைசியாக அவர்களைப் பார்த்தது மழைக்காலத்துக்கு முன். பக்கவாதம் வந்து பேச்சு குழறியிருந்தது. பேச வாயைத் திறந்தாலே சுற்றியிருந்தவர்கள் அன்போடு, "தண்ணியா? போர்வையா?" என்று முடித்துவைத்தார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். வெகுநேரம் கழித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கோத்து, "வெயில்ல... வந்திருக்கே... மோர் குடி" என்றார்கள். முழு வாக்கியம். சொல்லி முடித்ததும் அவர்கள் முகத்தில் வந்த நிறைவை, விடை கண்டுபிடித்த எத்தனையோ பிள்ளைகளின் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் குழந்தையின் விடையையும் டீச்சர் பாதியில் பிடுங்கி முடித்ததில்லை. அந்தப் பொறுமையைத்தான் அவர்களிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.