கடைசி பெஞ்சில் உட்கார்ந்த நாட்கள்

அம்பத்தூரில் நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கு ஒவ்வொரு வருடமும் பி.எட். மாணவிகள் பயிற்சிக்கு வருவார்கள். யாராவது ஓர் ஆசிரியர் அவர்களைத் தன் வகுப்பில் வைத்து வழிகாட்ட வேண்டும். நான் எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். போன வருடம் இன்னொரு கணக்கு ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதால், தலைமையாசிரியை என்னைக் கேட்காமலே ஒருவரை என் ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு, கணவருக்கு ஃபேக்டரியில் வேலை. பிள்ளைகள் இருவரும் கொஞ்சம் வளர்ந்த பிறகு படிக்க வந்திருந்தார். என்னைவிட நாலு வயதுதான் சின்னவர். ஆனாலும் வாய்க்கு வாய் மேடம் என்றார்.

முதல் வகுப்பில் பின்னக் கூட்டல். பதற்றத்தில் ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டார். "மிஸ், அது தப்பு மிஸ்!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். டஸ்டரைத் தேடாமல் கையாலேயே அழித்துவிட்டு மறுபடி எழுதினார். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்த நான் எழுந்து போய், அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, இரண்டே நிமிடத்தில் கணக்கை முடித்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"நாளைக்கு வரணுமான்னு யோசிக்கிறேன் மேடம்," என்றார்.

என் பயிற்சிக் காலத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஒருநாளும் என் வகுப்புக்குள் வந்ததில்லை. ஸ்டாஃப் ரூமிலேயே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவரைவிட நான் எவ்வளவோ மேல் என்று நினைத்திருந்தேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

"தப்பு என்னோடதுங்க. நான் எழுந்து வந்திருக்கக் கூடாது. நாளைக்கு அதே கணக்கை நீங்களே நடத்துங்க. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார்.

மறுநாள் அவர் நடத்த, நான் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் இருந்தவள், கவனமே இல்லை என்று நான் எத்தனையோ முறை திட்டிய பெண். பலகையை விட்டுவிட்டு அடுத்தவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"போர்டைப் பாரு," என்றேன் மெதுவாக.

"பாத்துகினுதான் கீறேன் மிஸ். வெயில் அடிச்சா கீய இன்னா எழுதிகீதுன்னே தெர்ல."

அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையின் கீழ்ப்பாதி பளபளத்தது. ஓர் எண்கூடத் தெரியவில்லை. அந்த அறையில் நான் பதினோரு வருடமாக நடத்துகிறேன்.

வகுப்பு முடிந்ததும் பயிற்சி ஆசிரியையிடம் சொன்னேன். அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து ஒரு பழைய திரைச்சீலை கொண்டுவந்தார். இருவரும் ஸ்டூல் மேல் ஏறிக் கட்டினோம். அந்த வாரமே கடைசி பெஞ்சுப் பெண்ணின் நோட்டில் கணக்குகள் முழுசாக வர ஆரம்பித்தன.

இந்த வருடம் பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேரை நானே போய்க் கேட்டு வாங்கினேன். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்றார் சக ஆசிரியை ஒருவர். நான் பேசிக்கொண்டே இருக்கும்போது என் வகுப்பு எனக்குத் தெரிவதில்லை என்றேன். அவருக்கு அது புரிந்ததா, தெரியவில்லை.

இருவரில் ஒருத்தி கொரட்டூர்ப் பெண். திங்கட்கிழமை அவள் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. புதன்கிழமை ஐந்தாவது வரிசை வரை வந்துவிட்டது.