ஆர்வில் வண்டிக் கதவில் எழுதிய எண்

ட்வைலா ப்ரூயிட் தன் கையால் ஒரு கொட்டகைக்கும் திருகு முடுக்கியதில்லை. ஆனாலும் ஓக்லஹோமாவின் அந்தக் கிழக்கு மூலையில் எழும்பிய இரும்புக் கொட்டகைகளில் பாதி அவளுடைய சமையலறை மேசையிலிருந்து கிளம்பியவைதான். டிராக்டர் நிறுத்த, வைக்கோல் அடுக்க, படகு வைக்க என்று யாராவது இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அவள் கட்டிய பக்கம். அதில் மாவட்டத்தின் பெயர் இருக்கும், பளபளவென்று படங்கள் இருக்கும், கூப்பிட ஓர் எண் இருக்கும். கட்டுகிறவர் பெயர் மட்டும் இருக்காது. பக்கமும் அவளுடையது, எண்ணும் அவளுடையது. அதற்கு வரும் அழைப்புகளை, மாத வாடகை கொடுக்கும் ஒப்பந்தக்காரரின் கைபேசிக்குத் திருப்பிவிடுவாள். பள்ளிக்கூட அலுவலக வேலை போன பிறகு தானாகக் கற்றுக்கொண்ட தொழில். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் வாடகைக்கு எடுத்தவர் ஆர்வில் ஸ்டாக்ஸ். அவள் போகும் சர்ச்சிலேயே டீக்கன், அதாவது சபைக் காரியங்களைக் கவனிக்கும் பெரியவர். கட்டுவதில் கெட்டிக்காரர், கைபேசி விஷயத்தில் பச்சைக்குழந்தை. அழைப்புகள் வரத் தொடங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மாதா மாதம் கொடுப்பது விளம்பரத்துக்கு, எண் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டார். அந்த எண்ணைப் பிக்கப் வண்டியின் இரண்டு கதவுகளிலும் எழுதினார். சர்ச் அறிவிப்புத் தாளில் போட்டார். சிறுவர் பேஸ்பால் அணியின் சட்டை முதுகில் அச்சடித்தார். வீட்டில் இருந்த பழைய ஃபோனையும் இனி எதற்கு என்று துண்டித்துவிட்டார். ட்வைலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது வாடகை எண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு எண்ணை எழுதிவிடுவாரே, வாடகை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

போன இலையுதிர்காலத்தில் லேன் டூப்ரி என்ற இன்னொரு ஒப்பந்தக்காரன் வந்து சேர்ந்தான். முதல் மணியிலேயே ஃபோனை எடுக்கிற ஆள். ஆர்வில் அப்படியில்லை, கூரைமேல் நிற்கும்போது எடுக்க மாட்டார். சாயங்காலம் இறங்கி, கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிடுவார். அதற்குள் பாதிப் பேர் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள்.

“பெரியவர்கிட்ட போனா லீடு, அதான் வர்ற கிராக்கி, ஊசிப்போயிடுது மேடம். என்கிட்ட திருப்பி விடுங்க, சூட்டோட முடிச்சுக் காட்டறேன்” என்றான் லேன். வாடகையும் கூட்டித் தருவதாகச் சொன்னான்.

ஒரு மாதம் பார்ப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ட்வைலா திரையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆர்வில் கைபேசி ஊமையானது.

ஒரு மாதம் குளிர்காலம் தாண்டி வசந்தம் வரை நீண்டது. ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று அவர் கேட்டபோது, “சீசன் டல்லு, ஆர்வில்” என்றாள். அவருக்கு மட்டும் பில் அனுப்புவதை நிறுத்தினாள். அதை அவர் தயவென்று எடுத்துக்கொண்டார். அவர் மனைவி நதீன் நன்றிக்குப் பழம் அடைத்த கேக் சுட்டு அனுப்பினாள். ட்வைலா அதைத் தின்று முடித்துப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். குற்றம் செய்தவர்களுக்கும் பசிக்கத்தானே செய்யும்.

இன்னும் மோசமானது ஒன்று இருந்தது. அழைப்புகளின் ஒலிப்பதிவு அவளுக்கு வரும். வண்டிக் கதவைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள், “ஆர்வில் இருக்காரா?” என்று கேட்டால், “நாங்க அவர் ஆளுங்கதான், சொல்லுங்க” என்பான் லேன். அதைக் கேட்டுவிட்டும் சும்மா இருந்தாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், சர்ச் கூடத்தில் வழக்கமான சாப்பாடு. பீன்ஸ், பன்றி இறைச்சி, சோள ரொட்டி. அந்தக் கூடத்தின் கூரை ஆர்வில் போட்டது. போன கோடை மழையில் ஒரு திருகு தளர்ந்து காபிப் பாத்திரத்தின் மேல் நாலு சொட்டு ஒழுகியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த டப் ஃபெரல் அதைவைத்து அவரைச் சீண்டினார்.

“காபி இன்னிக்கு ரொம்ப கெட்டியா இருக்கு ஆர்வில். உன் கூரையைக் கொஞ்சம் தொறந்து விடேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்வில் சிரிக்கவில்லை. ட்வைலா பக்கம் குனிந்து சொன்னார்.

“அந்த நாலு சொட்டுதான் என் பேரைக் கெடுத்துடுச்சு, கண்ணு. ஊரு பூரா பேசியிருப்பாங்க. நீ என்ன பண்ணுவ பாவம், உன் உழைப்பையெல்லாம் நான் வீணாக்கிட்டேன். பாரம் தூக்குற வண்டிய வித்தாச்சு. வேலைப் பசங்கள நேத்து அனுப்பிட்டேன். திங்கக்கிழமை தீவனக் கடையில மூட்டை தூக்கப் போறேன்.”

ட்வைலா மேசைக்கு அடியில் கைபேசியை எடுத்து எண்ணைத் திருப்பி அவருக்கே விட்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும், எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள். அவ்வளவு மலிவாகத் தப்பிக்கப் பார்த்தாள்.

ரொட்டியைத் தொட்டுத் தின்று முடிப்பதற்குள் அவர் கைபேசி மணியடித்தது. நதீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்வில் எழுந்து சுவரோரம் போய்ப் பேசினார். திரும்பி வராமல் நேரே வெளியே நடந்தார். ட்வைலா பின்னாலேயே ஓடினாள். அவர் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏரிப் பக்கத்து ஆளு. ஜனவரியில நாங்க போட்ட கூரை ஒழுகுதாம், படகு நனையுதாம். என் பசங்கதான் போட்டாங்களாம்.” கயிற்றை இறுக்கிய கை நின்றது. “எனக்கு ஞாபகமே வரல, ட்வைலா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நதீன்கிட்ட சொல்லிடாத.”

“நீங்க எதையும் மறக்கல. அது நீங்க போட்டது இல்ல.”

“என் நம்பருக்குத்தானே கூப்பிட்டான்.”

“அது உங்க நம்பர் இல்ல ஆர்வில். என்னுது. வாடகைக்கு விட்டது. இலை உதிர்றப்பவே லேனுக்குத் திருப்பிட்டேன். அவன் உங்க பேரைச் சொல்லித்தான் வேலை புடிச்சான். எனக்குத் தெரியும்.”

கயிற்றை விட்டுவிட்டு அவர் திரும்பினார்.

“அப்ப ஜனங்க என்னைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்களா?”

“தினமும்.”

அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் முதலில் சந்தோஷப்பட்டார். பிறகுதான் மீதி உறைத்தது. ஏணிக் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்தார்.

“லேன் போட்டதுக்கு நீங்க ஏன் போகணும்?”

“அந்த ஆளு என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.” உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். “நதீன்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா. உன்மேல அவ்வளவு பிரியம் அவளுக்கு.”

ட்வைலா கூடத்துக்குத் திரும்பினாள். நதீன் வாசலுக்கே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“வேலை வந்துடுச்சா? நீ கைவிடமாட்டேன்னு எனக்குத் தெரியும்டி.”

ட்வைலா அந்தக் கைகளை மெல்ல விலக்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.