அவரு மட்டும் திரும்பல

இது ரங்கூன்ல நடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல, மழை விட்டு, வெயிலும் இன்னும் மண்டையப் பொளக்க ஆரம்பிக்காத ஒரு மாசம். ஞாயித்துக்கிழமை காலை, ராயல் லேக் ஏரிக்கரை ரோடு. அன்னைக்குத்தான் எம் புருஷன்கிட்ட நான் மொத வார்த்தை பேசினேன். கல்யாணமாகி அப்ப ஒன்றரை வருஷம். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

தாலி கட்டின நாலாம் நாளு அவரு கப்பலேறிட்டாரு. ரங்கூன் தந்தி ஆபீசுல பியூன் வேலை, லீவு முடிஞ்சுபோச்சு. அந்த மூணு நாளும் அவரு ஒரு மூலையில, நான் ஒரு மூலையில, நடுவுல ரெண்டு வீட்டு சனமும். அவரு மூஞ்சிய நான் முழுசாக்கூடப் பாக்கல. மீசைய மட்டும் பாத்தேன். அந்த மீசைய நம்பித்தான் பின்னால நானும் கப்பலேறி வந்தேன்.

வந்து பாத்தா, டவுன்ல பபேடான்கிற பேட்டையில ஒரு சந்துக்குள்ள, மாடியில ஒரே ஒரு ரூமு. அதுக்குள்ள அவரோட அண்ணன், அதான் எம் மூத்தாரு, எங்க ஓரகத்தி அக்கா, அவங்க மூணு வயசுப் பொண்ணு. போதாக்குறைக்கு ஊருலேர்ந்து வந்து துறைமுகத்துல மூட்டை தூக்குற ரெண்டு ஒண்டிக்கட்டைங்க. ராத்திரியானா பொம்பளைங்க உள்ள, ஆம்பளைங்க வெளிய வராந்தாவுல. கோழிக்கூண்டுலகூட சேவல வெளிய தொரத்துறதில்ல.

மூத்தாரு இருக்குற எடத்துல எங் குரலு வெளிய வரக்கூடாது. அது எங்க பக்கத்துப் பழக்கம். அதனால எங்க குடித்தனம் பூரா அந்தக் கொழந்தை வழியாத்தான் நடந்துச்சு. நான் அது காதுல கிசுகிசுப்பேன். அது போயி, "சித்தப்பா, சித்தி சாப்பிட வரச் சொல்லிச்சு"ன்னு கத்தும். அவரும், "பாப்பா, சித்திய ரசம் ஊத்தச் சொல்லு"ம்பாரு. நாலு அடி தள்ளித்தான் நான் கரண்டியோட நிப்பேன். ஒரு நாளு, "பாப்பா, சித்திக்கு இருமல் தேவலையான்னு கேளு"ன்னாரு. அந்தக் கழுதை கேக்காம பர்மாக்காரப் புள்ளைங்களோட வெளையாட ஓடிப்போச்சு. அந்தக் கேள்வி அப்படியே ரூமுக்கு நடுவுல நின்னுச்சு. அவரு சட்டையில பித்தான் போட்டுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாரு. நானும் நின்னேன். பொறவு அவரு வேலைக்குப் போயிட்டாரு. அன்னைக்கு நாள் பூரா நான் இருமிக்கிட்டே இருந்தேன், சாயங்காலம் இன்னொரு தடவ கேப்பாருன்னு.

அவரு காக்கிச் சட்டையோட சைக்கிள்ல சந்துக்குள்ள நொழைஞ்சா பொம்பளைங்கல்லாம் நெஞ்சப் புடிச்சுக்குவாங்க, யாரு வீட்டுல எழவோன்னு. அந்தக் காலத்துல தந்தின்னா அப்படித்தானே. சந்துலயே எனக்கு ஒருத்திக்குத்தான் அந்த மணிச் சத்தம் இனிச்சுது.

எங்க தெருமுனையில ஒரு சைக்கிள் கடை. நாகூர்ப் பக்கத்துக்காரரு ஒருத்தரு வச்சிருந்தாரு, பாய்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அந்த வருஷம் ரங்கூன்ல பெரிய சைக்கிள் பந்தயம் வச்சாங்க. டவுன்லேர்ந்து ப்ரோம் ரோடு வழியா இன்செயின் ஊரு வரைக்கும் போயித் திரும்பி ஏரிக்கரைக்கு வரணும். யாரு வேணும்னாலும் கலந்துக்கலாம். பாய்க்குத் தன் கடை பேரு ஊரெல்லாம் தெரியணும்னு ஆசை. என்ன சொல்லிட்டாருன்னா, "நம்ம கடை வண்டியில போறவங்கள்ல எவன் மொதல்ல வர்றானோ, அவன் நம்ம கடை மாடி ரூமுல குடியிருந்துக்கலாம். வாடகை வேணாம். ராத்திரி கடைக்குக் காவல் இருந்தாப் போதும்."

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல அவரு சொன்னாரு, "பாப்பா, சித்திகிட்ட சொல்லு, சித்தப்பா சைக்கிள் பந்தயத்துக்குப் போறேன்னு." எதுக்குன்னும் சொன்னாரு. எனக்குக் கையில இருந்த அப்பளம் நொறுங்கிப்போச்சு. கொழந்தைய இழுத்து அது காதுல ஒண்ணு கேட்டேன். மெதுவாச் சொல்லுடின்னுதான் சொன்னேன். அது நடு ரூமுல நின்னு, "சித்தப்பா, அந்த ரூமுக்குக் கதவு இருக்கான்னு சித்தி கேக்குது"ன்னு கத்திடுச்சு.

மூத்தாருக்குப் பொறை ஏறிடுச்சு. மூட்டை தூக்குற ரெண்டு பேரும் தட்டுக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டாங்க. அவரு மட்டும் தலை நிமிராம, "இருக்கு. தாப்பாளும் இருக்குன்னு சொல்லு"ன்னாரு.

அதுக்கப்புறம் அவரு தந்தி குடுக்கப் போன வேகத்தப் பாக்கணுமே. செத்தவங்களுக்கே அவ்வளவு அவசரம் இருந்திருக்காது.

பந்தயத்தன்னைக்கு விடியறதுக்கு முன்னாலயே எங்க அக்கா ஒரு கோடி வேட்டிய எடுத்து, மூலையில மஞ்சத் தடவி வச்சிட்டாங்க. நல்ல காரியத்துக்குப் போறப்ப புதுசு கட்டிக்கிட்டுப் போகணுமாம். அவருக்குக் காக்கி நிக்கர் போடணும்னு ஆசை. அண்ணி சொல்லத் தட்ட முடியுமா. கட்டிக்கிட்டாரு. பாய் கடை வண்டியில போன நம்ம ஆளுங்க அஞ்சாறு பேரும் அதே மாதிரி புது வேட்டியில, கஞ்சி மொடமொடங்க, கச்சம் கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. சைக்கிள் பந்தயமா, பொண்ணு பாக்கப் போறாங்களான்னு தெரியல. அந்தக் கூட்டத்துல ஒருத்தன் மட்டும் பர்மாக்காரன், மொஹிங்கா, அதான் மீன்கொழம்பு ஊத்துன சேவை, விக்கிற அம்மாவோட மகன். லுங்கிய தொடைக்கு மேல ஏத்திச் சுருட்டிக் கட்டியிருந்தான்.

நானும் அக்காவும் கொழந்தையத் தூக்கிக்கிட்டு, பந்தயம் முடியற எடத்துக்குக் கொஞ்சம் முன்னால, ரோடு வளையற எடத்துல போயி நின்னோம். என்னா சனம். கன்னத்துல தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசின பர்மாப் பொண்ணுங்க, சீனாக்காரங்க, தொப்பி போட்ட தொரைங்க. மொதல்ல பட்டாளத்து ஆளுங்களும் கிளப்புக்காரங்களும் ஒல்லி டயரு வண்டியில விர்ருவிர்ருன்னு போனாங்க. அவங்க எங்களுக்குக் கணக்குல இல்ல. பாய் தன் வண்டிக்கெல்லாம் பச்சைத் துணி கட்டியிருந்தாரு. எங் கண்ணு பச்சையத்தான் தேடுச்சு.

வந்துச்சு. மொதப் பச்சை அவருதான். மூஞ்சியெல்லாம் புழுதி, மீசை வெள்ளையாயிடுச்சு. நாப்பது வருஷம் கழிச்சு எப்படி இருப்பாருன்னு அன்னைக்கே பாத்துட்டேன். அவருக்குப் பின்னாலயே நம்ம ஆளுங்க கும்பலா. கொஞ்சம் வெலகி அந்தப் பர்மாக்காரன். அக்கா என் கையப் புடிச்சு, "ரூமு ஒனக்குத்தான்டி"ன்னாங்க.

அப்பத்தான் பாத்தேன். புது வேட்டி, கஞ்சி வழுக்கி, பின்னால சொருகின கச்சம் அவுந்து, முனை செயினுக்குப் பக்கத்துல படபடன்னு அடிக்குது. அவருக்குத் தெரியல. இன்னும் நாலு மிதி மிதிச்சா மாட்டிக்கும்.

சுத்தி நின்ன பர்மாப் பொண்ணுங்கல்லாம் அவங்கவங்க ஆளப் பேரச் சொல்லிக் கூப்பிடுதுங்க. எனக்கும் அவரு பேரு தெரியும். ஆனா புருஷன் பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு சொல்லி வளத்திருக்காங்களே. கொழந்தைய விட்டுச் சொல்லச் சொல்லலாம்னா, அது அக்கா தோள்ல எச்சி வடியத் தூங்குது. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல, அடிவயித்துலேர்ந்து கத்தினேன்.

"ஏங்க."

பின்னால வந்த நம்ம ஆளுங்க அத்தனை பேரும் திரும்பிட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்ல. ஒண்ணா, ஒரே நேரத்துல, டப்புன்னு என் பக்கம் தலையத் திருப்பினாங்க. அந்தக் கும்பல்ல முன்னால வந்த வண்டி வளைவுல நேரா வந்து ஓரத்துப் புல்லுல ஏற, அது மேல ரெண்டாவது, அது மேல மூணாவதுன்னு, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ரோடு பூரா கோடி வேட்டி.

அவரு மட்டும் திரும்பல.

யாரு பொண்டாட்டியோ யாரையோ கூப்பிடுறான்னு நேராப் போனாரு. கொஞ்ச தூரம்தான். செயின் வேட்டியக் கவ்விடுச்சு. வண்டி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். பர்மாக்காரனுக்கு நான் கூப்பிட்டதும் புரியல, எதுக்குத் திரும்பணும்னும் தெரியல. எல்லாரையும் சுத்திக்கிட்டுப் போயிச் சேந்துட்டான்.

நான் ஓடினேன். அக்கா கூப்பிட்டது கேட்டுச்சு, நிக்கல. தொரைங்க பாக்க, தெருவே பாக்க, ரோட்டுல ஒக்காந்து அவரு கால என் மடியில எடுத்து வச்சு, செயின்லேர்ந்து வேட்டிய உருவினேன். முட்டி கிழிஞ்சு ரத்தம். மரத்தடியில வழிப்போக்கருக்கு வச்சிருந்த பானையிலேர்ந்து ஒரு பர்மாக்கார அம்மா தண்ணி மொண்டு வந்து ஊத்துனாங்க.

அவரு முட்டியப் பாக்கல. என்னையே பாத்தாரு.

"இந்தா, நீயா கூப்பிட்ட?"

"பின்ன, ஏரியில இருக்குற தவளையா?"

"என்னையா?"

"இல்ல, தொரைய."

விழுந்தவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, வேட்டிய ஒதறிக்கிட்டு வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அதுல ஒருத்தரு அரிசி மில்லுல கணக்கெழுதுறவரு, நல்ல பருமன். அவரு எம் புருஷன்கிட்ட சொன்னாரு, "தம்பி, எம் பொண்டாட்டி ஊருல இருக்கா. நான் கப்பலேறி ஆறு வருஷமாச்சு. அவ இங்க எப்ப வந்தான்னுதான் திரும்பினேன்." எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல நின்னவரு, "எனக்கும் அப்படித்தான்"னாரு. அப்ப சிரிப்பு நின்னுபோச்சு. யோசிச்சுப் பாத்தா, திரும்பின அத்தனை பேருக்கும் பொஞ்சாதி கடலுக்கு அந்தாண்ட. பக்கத்துலயே பொஞ்சாதி இருந்த ஒரே ஆளு எம் புருஷன். அவருக்குத்தான் அவ குரலு தெரியல.

அது எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. ரூமு போனதக் காட்டிலும் குத்துச்சு.

பாய் வந்து இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. "ஒரே வார்த்தையில எங் கடை வண்டி பூராத்தையும் படுக்க வச்சிட்டியே தாயி"ன்னாரு. கோவமா, சிரிப்பான்னு தெரியல. ரூமு அந்தப் பர்மாக்காரனுக்குப் போச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான்னு பாய் சொல்லிட்டாரு. ஞாயந்தானே.

எங்க அக்கா கொழந்தையோட ஒரு ரிக்ஷாவுல ஏறி ஒக்காந்தாங்க. "நீ கவுத்த ஆள நீயே கூட்டிக்கிட்டு வா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கோவத்துல போறாங்கன்னு நெனச்சு நான் அழுதேன். அந்த ரிக்ஷாவுல இன்னொரு ஆளு ஒக்கார எடம் இருந்துச்சுங்கிறது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒறைச்சுது. மகராசி.

அப்புறம் நாங்க ரெண்டு பேரும் நடந்தோம். அவரு நொண்டிக்கிட்டே, சக்கரம் கோணின வண்டியத் தள்ளிக்கிட்டு. நான் ரெண்டடி பின்னால. டவுனுக்கு நேர் ரோடு இருந்துச்சு. அவரு ஏரியச் சுத்திக்கிட்டுப் போற ரோட்டுல திருப்பினாரு. நான் ஏன்னு கேக்கல. கேப்பேனா.

கொஞ்ச தூரம் போயி, "ஒன் குரலு சன்னமா இருக்கும்னு நெனச்சேன்"னாரு.

"நீங்க மெதுவாப் போயிருந்தா சன்னமாத்தான் கூப்பிட்டிருப்பேன்."

"அந்த இருமலு தேவலையா?"

அவரு கேட்டு மாசக்கணக்கு ஆயிடுச்சு. தேவலைன்னேன்.

அப்புறம் பேசினோம். என்னென்ன பேசினோம்னு கேட்டீங்கன்னா, ஒண்ணுமில்ல. எங்க ஊட்டு மாடு, கப்பல்ல நான் வாந்தி எடுத்தது, எந்தத் தெருவுல நாயி தொரத்தும்னு அவரு சொன்னது. ஒன்றரை வருஷத்துப் பேச்சு. நடுவுல அவரு வேணும்னே வேகமா முன்னால போயிடுவாரு, அந்த நொண்டிக் காலோட. போயி ஏரியப் பாக்குற மாதிரி நிப்பாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா. சுத்திமுத்திப் பாத்துட்டு, மெதுவா, "ஏங்க"ம்பேன். திரும்புவாரு. சிரிச்சுட்டு மறுபடி வண்டியத் தள்ளுவாரு. அன்னைக்கு அந்த ஏரிய அப்படியே எத்தனையோ தடவ கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் சுத்தி வந்தோம். வீடு போய்ச் சேந்தப்ப சோறு ஆறிப்போயிருந்துச்சு. அக்கா ஏன் லேட்டுன்னு கேக்கவே இல்ல.

எங்களுக்குன்னு ஒரு ரூமு கெடைக்க அப்புறமும் ரொம்ப நாளாச்சு. கெடைச்சுது, அஞ்சு புள்ளைங்களும் பொறந்துச்சு, அது வேற கதை. சண்டை போட்டுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த நாள்லகூட நான் கூப்பிட்டா அவரு தலை திரும்பிடும். திரும்பின பிறகுதான் கோவம் ஞாபகம் வரும். வயசாயிக் காது மந்தமானப்பவும், என்ன சொன்னேன்னு கேக்காட்டியும், கூப்பிட்டேங்கிறது மட்டும் எப்படியோ கேட்டுடும்.

அவரு போயிட்டாரு. இப்ப எங்க பேத்திங்க புருஷன பர்மாக்காரங்க மாதிரி பேருக்கு முன்னால ‘கோ’ போட்டுக் கூப்பிடுதுங்க. கூப்பிடட்டும், யாருக்கும் ஆயுசு கொறையல. போன மாசம் ஒருத்தி என்னைய அந்த ஏரிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. "என்ன பாட்டி, கால் வலிக்குதா, நின்னுட்ட"ன்னா. ஆமாடின்னேன். காலு ஒண்ணும் வலிக்கல. முன்னால யாரோ ஒரு கெழவன் சைக்கிளத் தள்ளிக்கிட்டு நொண்டிக்கிட்டே போனான். வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன்.

அந்தப் பந்தயத்துல ஊருக்கே மொதல்ல வந்தது யாருன்னு இப்ப கேட்டா எவனுக்கும் தெரியாது. கடைசியா வீடு போய்ச் சேந்தது நாங்கதான், அதுல சந்தேகமில்ல. இருந்தும், அந்த ஏரிக்கரை ரோட்டுல எனக்கு இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டிய பாக்கி இருக்குற மாதிரியேதான் மனசுக்குள்ள இருந்துக்கிட்டிருக்கு.