புற்றுக்கு வேலி

எங்கள் பக்கத்துக் கரையானால் மரத்தைத் தனியாகச் செரிக்க முடியாது. மென்று, புற்றுக்குள் வளரும் பூஞ்சைக்குத் தீனியாக வைக்கும். பூஞ்சை பக்குவப்படுத்தித் தந்ததைத்தான் தின்னும். இந்தக் கூட்டு வாழ்க்கையை ஆராய்ந்தே நான் சம்பளம் வாங்கினேன். அது எப்படித் தொடங்குகிறது என்று பலர் எழுதிவிட்டார்கள். வெளியார் கை படாமல், வயதாகி, எப்படி முடிகிறது, முதலில் சாவது யார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக அடி அண்ணாமலையில் ஒரு விவசாயியின் கொல்லையில் ஒரே ஒரு புற்றை வருஷக்கணக்காகக் கவனித்தேன். முறைப்படி அவர் சம்மதம் வாங்கி, கம்பிவேலி போட்டு, 'தொடாதீர்கள்' என்று பலகையும் வைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் போவதை நிறுத்தவில்லை.

கண் அறுவைச் சிகிச்சைக்காகச் சில மாதம் சென்னையில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால், புற்றின் மேல் தகரக்கூரை. உடம்பெல்லாம் மஞ்சள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் பாலும் முட்டையுமாக வரிசையில் நின்றார்கள். விவசாயி கையில் கற்பூரத் தட்டு.

"என்னங்க இது?"

"நீங்கதான சார் ஆரம்பிச்சு வெச்சீங்க. சும்மா கெடக்கிற மண்ணுக்கு யாருனா வேலி போடுவாங்களா?"

"உள்ள பூஞ்சை இருக்குதுங்க. மஞ்சள் பட்டா செத்துடும்."

"பூஞ்சை இருந்தா மஞ்சத்தூள் போடறது நல்லதுதான சார்?"

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். எந்தத் துறைக்கு, என்ன பொருள், எத்தனை நகல் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தர் இரண்டு முறை படித்தார்.

"பட்டா எடம் சார். அவரு எடம், அவரு புத்து, அவரு மஞ்சள். இதுல நீங்க யாரு?"

நான் யார் என்பதை நிரூபிக்கும் சான்றிதழ் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மழை வந்தது. முதல் மழைக்குப் பிறகு உள்ளே இருக்கும் பூஞ்சைதான் புற்றைச் சுற்றிக் காளானாக முளைக்கும். விவசாயி வீட்டில் குழம்பு மணக்கும். இந்தமுறை ஒன்றுகூட முளைக்கவில்லை.

"அம்மன் எடத்துல புடுங்கித் தின்னக்கூடாதுனு அவளே நிறுத்திட்டா சார்" என்றார். அவரிடம் ஒரு காரணம் இருந்தது, என்னிடமும் ஒன்று இருந்தது. வரிசை அவருடையதற்குத்தான் நின்றது.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க சார்."

நான் வயிறு மண்ணில் பட ஊர்ந்து அளவெடுத்த இடம். செருப்பை விட்டுவிட்டுப் போய், துளையில் கையை வைத்தேன். உயிருள்ள புற்றென்றால் ஈரமான வெப்பம் மூச்சுப்போல் உள்ளங்கையில் படும். ஒன்றும் படவில்லை. முதலில் போனது பூஞ்சையா கரையானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கையை எடுக்காமல் குனிந்தே நின்றேன்.

பின்னால் பால் சொம்போடு நின்ற பெண், "பெரியவரே, கும்பிட்டாச்சுனா கொஞ்சம் நவுருங்க" என்றாள்.