டெஸ்க்குக்குத் தெரியாத மலைமழை

பிற்பகல் மூன்று பத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு ஓடையில் நான் முதலில் பார்த்தது, வேரோடு மிதந்து வந்த ஒரு மூங்கில் குத்து. அதன் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். தலைக்கு மேல் வெயில் சுட்டது. கரையில் ஒரு துளி ஈரம் இல்லை.

ஒரு நாளிதழின் ஸ்ரீவில்லிபுத்தூர் நிருபராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். புரட்டாசி சனிக்கிழமை, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் கூட்டத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், ஓடையில் தண்ணீர் வருவதாகக் கேள்விப்பட்டு வந்தேன்.

கரையில் மாரியம்மாள் நின்றிருந்தார். மாந்தோப்புக் காவலுக்குக் காலையில் அக்கரை போன கணவர் கருப்பசாமி திரும்பும் நேரம். மாரியம்மாள் கையில் இரண்டு செல்போன்கள்.

"அவிய போனும் எங்கிட்டதான் இருக்கு சார். சார்ஜ் போட்டுட்டு, தூக்குச்சட்டியை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாவ. தூக்குச்சட்டியில பேசவா ஏலும்?"

பக்கத்தில் நின்ற வனத்துறை வாட்சரிடம், மழை எங்கே பெய்கிறது என்று கேட்டேன்.

"இங்க எங்க பெய்யுது? இது மலைமழை சார். மேல ஊத்துனா செத்த நேரத்துல இங்க வந்துரும்."

"காலையில ஏன் ஆளை விட்டீங்க?"

"வானம் பளிச்சுன்னு இருந்துச்சே!"

அவர் பார்த்தது எங்கள் தலைக்கு மேலிருந்த வானத்தை. மலை உச்சி மேகத்துக்குள் கிடப்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

மதுரை அலுவலகத்தின் செய்தி டெஸ்க்கிலிருந்து அழைத்தார்கள்.

"கனமழையா, மிதமான மழையா?"

"இங்க மழையே இல்ல சார். மலைமழைங்கிறாங்க."

"அப்படி ஒரு மழை நம்ம பேப்பர்ல கிடையாதுப்பா. கனமழை, மிதமான மழை, பரவலான மழை, இடியுடன் கூடிய மழை. ஒண்ணைச் சொல்லு."

"வெயில் அடிக்குது சார்."

"வெயில்ல வெள்ளமா? நீ எந்த ஊர்ல நிக்கிற?"

எனக்கே சந்தேகமாக இருந்தது. அடைமழை என்று எழுதலாமா என்று வாட்சரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அடைமழைன்னா நாள்கணக்குல விடாது. இது சாயங்காலம் வடிஞ்சிரும். அதுவரைக்கும் அந்த மனுசன் பொறுக்கணும்."

அந்த மனுசன் பொறுக்கவில்லை. அக்கரையில் வந்து நின்ற கருப்பசாமி, தூக்குச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார்.

"ஏலே, இறங்காத!" என்று வாட்சர் கத்தினார். தண்ணீர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கருப்பசாமியின் முழங்காலைத் தாண்டியது.

மாரியம்மாள் கத்தவில்லை. கணவரின் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பிறகு அதை ஓடையில் எறிவதுபோல் கையை ஓங்கினார்.

கருப்பசாமி நின்றார். இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்றார். பின்வாங்கிக் கரையேறிப் பாறைமேல் உட்கார்ந்தார்.

"போன மாசம் வாங்குனது," என்றார் மாரியம்மாள். "எனக்குப் பயப்பட மாட்டாவ."

வெயில் சாய்ந்தபோது தண்ணீர் கணுக்காலளவுக்கு வடிந்தது. கருப்பசாமி நடந்தே வந்து, முதலில் செல்போனை வாங்கிப் பார்த்தார்.

அதன்பிறகு நான் எழுதிய மழைச் செய்திகளில், எங்கே பெய்தது என்று ஒரு வாக்கியமும், தண்ணீர் எங்கே வந்தது என்று இன்னொரு வாக்கியமும் தவறாமல் இருக்கும்.

அந்த வெள்ளத்துக்கு மறுநாள் பேப்பரில் மூன்றாம் பக்கத் தலைப்பு: 'செண்பகத்தோப்பில் கனமழை.' அதே பக்கத்தின் அடியில் மழையளவுப் பட்டியல். ஸ்ரீவில்லிபுத்தூர்: மழை இல்லை.