ஞானம்மா கை காட்டும் வரை

முதலில் நின்றது போத்தல்களின் சத்தம்.

டிஸ்பென்சரியில் காலை வேலை தொடங்குமுன் வெறும் மருந்துப் போத்தல்களைக் கழுவி மரத்தட்டில் அடுக்கி வைப்பேன். அடுக்கும்போது கண்ணாடி கண்ணாடியில் முட்டும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று காலை போத்தல்கள் முட்டுவதைக் கண்ணால் பார்த்தேன், சத்தம் இல்லை. ஒன்றை எடுத்து வேண்டுமென்றே மற்றொன்றில் தட்டினேன். விரலில் அதிர்வு வந்தது. காதில் வரவில்லை. அங்கே ஒரு வண்டு ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

காய்ச்சலில் கிடந்து எழும்பி, கொயினா என்ற கசப்பு மருந்து குடித்து, இன்னும் அந்த வண்டோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முப்பத்துநாலாம் ஆண்டு மழை பொய்த்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழே மகாவலி ஆறு ஓடவில்லை; பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகியது. பிறகு மலேரியா (நுளம்பு கடித்து இரத்தத்தில் கிருமி சேர்ந்து, முறை வைத்து வரும் குளிர்காய்ச்சல்) வீடு வீடாக ஏறியது. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பயிற்சி பெற்றவள். டிஸ்பென்சரியின் சிறிய யன்னலுக்குப் பின்னால் நின்று, வருகிறவர் பெயரையும் வருத்தத்தையும் கேட்டு, கொயினாக் கலவையை ஊற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. கொடுத்துக்கொண்டிருந்த எனக்கும் காய்ச்சல் வந்தது, போனது, திரும்ப வந்தது. மண்ணீரல் வீங்கியது (இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்துக் கட்டியதுபோல் கனக்கும்). நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு வந்த காய்ச்சலுக்குக் கொயினாவைக் கூட்ட வேண்டியதாயிற்று. காய்ச்சல் இறங்கியது. அதோடு காதும் இறங்கியது.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் என் மனம் அடங்கும். அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி சத்தங்களை வரிசைப்படுத்தினேன். போனவை: போத்தல், குருவி, அக்காவின் வளையல், அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகை. இருப்பவை: ரயில், மாட்டுவண்டிச் சக்கரம், அத்தானின் குறட்டை. மெல்லிய சத்தங்களும் உயர்ந்த குரல்களும் போய்விட்டன. தடித்த சத்தங்கள் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தன.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். இந்த வரிசையைச் சொன்னதும் அவள் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

"எங்கட வீட்டில இருக்கிற சத்தங்களுக்குள்ள அத்தான்ர குறட்டைதான் மிஞ்சினதோ? கர்த்தர் உனக்குச் சரியான சோதனைதான் தந்திருக்கிறார்."

எங்கள் டிஸ்பென்சரி டொக்டருக்குக் கனத்த குரல். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் பாதி விளங்கும். மீதியைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

"பிள்ளை, கொயினாவை நிப்பாட்டினால் காய்ச்சல் திரும்பும். நிப்பாட்டாமல் விட்டால் காது போகும். ரெண்டிலயும் எனக்கு விருப்பமில்லை" என்றார். "புதுசா ஒரு மஞ்சள் மாத்திரை வந்திருக்கு. அது காதுக்குப் போகாதெண்டு சொல்லினம். ஆனால் ஆளை மஞ்சளாக்கிப் போடும்."

"போன காது திரும்புமோ, டொக்டர்?"

அவர் சிலேட்டை எடுத்தார். 'பெரும்பாலும் திரும்பும். எல்லாருக்கும் அல்ல' என்று எழுதினார். அதை அழித்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசினார்.

"யன்னலில உம்மை இப்ப விடேலாது. ஒருத்தி வந்து வயித்தில பிள்ளை இருக்கெண்டு சொல்லி, அது உமக்குக் கேக்காமல் போனால்?"

கர்ப்பிணிக்குக் கொயினாவை அளந்து கொடுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர் அவர்தான்.

"ஈஸ்டர் மட்டும் பாப்பம். அதுக்குப் பிறகு நான் வேற ஆளைப் போடத்தான் வேணும்."

அதுவரை பின்னறையில் போத்தல் கழுவலாம், தூள் நிறுக்கலாம். என் வாழ்க்கையில் நான் சொந்தமாகச் சம்பாதித்த ஒரே இடம் அந்த யன்னல். அதற்கு ஈஸ்டர் வரை தவணை.

அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகங்களும் குறைவு. ஆகவே ஒருவர் முன்னால் நின்று பாட்டின் ஓர் அடியைச் சொல்வார். சபை அதைப் பாடும். பாடி முடித்ததும் அடுத்த அடியைச் சொல்வார். இதை அடி கொடுப்பது என்போம். என் உச்சரிப்புத் தெளிவு என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். சொல்லத்தானே வேண்டும், கேட்க வேண்டியதில்லையே என்று எண்ணிக்கொண்டு எழுந்து நின்றேன்.

முதல் அடி கொடுத்தேன். ஆண்கள் பக்கமிருந்து ஓர் உறுமல் எழுந்தது. பெண்கள் பக்கத்தில் வாய்கள் அசைந்தன. ஒரு சத்தமும் இல்லை. எங்கள் சபையில் பாதி காணாமல் போயிருந்தது.

புத்தகத்தில் இல்லாத வழக்கம் ஒன்று எங்களிடம் உண்டு. ஓர் அடி மனதைத் தொட்டால் பெண்களில் யாராவது அதைத் திரும்ப எடுப்பார். எல்லாரும் கூடச் சேர்ந்துகொள்வார்கள். அன்றும் எடுத்தார்கள். உறுமல் மூச்சுக்கு நின்றதும் அடி முடிந்தது என்று நினைத்து அடுத்ததைச் சொன்னேன். பாதிப் பேர் என்னோடு வந்தார்கள். பாதிப் பேர் பழைய அடியிலேயே நின்றார்கள். ஆராதனையை நடத்தும் உபதேசியார் கையசைத்தார். சத்தமாகச் சொல்லச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன். சபைக்கு முன்னரே நான் பாட்டை முடித்துப் புத்தகத்தையும் மூடிவிட்டேன். அப்போதுதான் முன்வரிசைப் பிள்ளைகளின் தோள்கள் சிரிப்பில் குலுங்குவதைக் கண்டேன்.

"ஓட்டப்பந்தயம் எண்டால் உனக்குத்தான் பரிசு" என்றாள் அக்கா, வீட்டுக்கு வந்ததும். "சனம் அப்பதான் மூண்டாம் அடிக்கு வந்து சேருது."

நானும் சிரித்தேன்.

இனி அடி கொடுக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். மறுநாள் உபதேசியார் வீட்டுக்கு வந்தார், கூடவே ஞானம்மா. மஹய்யாவைக் குடியிருப்பில் இருந்து வருகிறவர் அவர். நகரசபையில் தெருக்கூட்டும் வேலை. ஆலயத்தில் முதல் வரிசைப் பாயில் உட்காருவார். அவர் குரல் உயர்ந்தது, மெல்லியது, எல்லாருக்கும் பிந்தி வருவது. சபை ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும்போதும் அவர் மட்டும் கடைசி எழுத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருப்பார். அந்த இழுவையின் மேலேயே நான் எப்போதும் அடுத்த அடியைப் போட்டுவிடுவேன். நேரம் வீணாவது எனக்குப் பிடிக்காது.

அன்று பேசியது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. அக்கா பிறகு சொன்னது இது.

"வாசிக்கத் தெரிஞ்ச ஆம்பளைங்க எல்லாம் காய்ச்சல்ல கெடக்குறாங்க. எனக்கோ தொண்டை கட்டிப்போச்சு. தங்கச்சிய விட்டா ஆளில்லைங்க" என்றிருக்கிறார் உபதேசியார்.

"நான் முன்னால ஒக்காந்து கை காட்டுறேங்க" என்றிருக்கிறார் ஞானம்மா. "கை தூக்குனா அடுத்தத சொல்லட்டும். தூக்கலேன்னா வாயத் தொறக்கக்கூடாது."

"உங்கட இழுவை முடியப் பின்னேரமாப் போடும், ஞானம்மா" என்றாளாம் அக்கா.

"அதுக்குத்தாங்க கைய நான் வச்சிக்கிறேன்."

மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்ததை மட்டும் நான் கண்டேன்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்கள் முழுவதும் அப்படியே நடந்தது. ஓர் அடியைச் சொல்வேன். ஞானம்மாவின் மடியில் கிடக்கும் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காத்திருப்பது நீளமாக இருந்தது. வேறு செய்ய ஒன்றுமில்லாததால் முகங்களைப் பார்த்தேன். பாடும்போது மனிதர் முகம் எப்படி இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. போன வருடம் தாய் இருந்த இடத்தில் இப்போது மகள் தனியே இருந்தாள். ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்றின் பாய் விரிக்கப்படவே இல்லை. நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கும் நேரத்தில் உபதேசியாரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, அவ்வளவு பெயர்கள். நடுவில் ஓரிடத்தில் பெண்கள் பக்கத்துக் கண்கள் எல்லாம் ஒருமிக்க என்மேல் திரும்பும். அதுதான் என் பெயர் என்று விளங்கிக்கொள்வேன்.

முதல் தரம் கூசியது. பிறகு கூசவில்லை. வீட்டில் தனியே ஜெபிக்கும்போது நான் இழந்தது ஒன்றுமில்லை. என் சொற்கள் எனக்குள்ளே வழக்கம்போல ஓடின. ஆலயத்தில்தான் குறை தெரிந்தது. ஜெபம் என்பது நான் சொல்வது, மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சொல்வதில் பாதிதான் நான். மீதியை அவர்கள் சொல்லி வந்தார்கள். நான் அதில் சாய்ந்து நின்றிருந்தேன்.

மிகக் கடினமானது மௌன ஜெபம். பிரசங்கத்துக்குப் பின் எல்லாரும் முழங்காலில் நின்று சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் அமைதிக்குள் போக, எனக்குள் வண்டு பெரிதாகும். ஆலயத்தில் அப்போது மிக இரைச்சலான இடம் என் தலைதான். 'இதை எடுத்துவிடும்' என்று மட்டும் கேட்டேன். சில நாள் அதுகூடக் கேட்கவில்லை; வண்டோடு சும்மா முழங்காலில் நின்றேன்.

கொயினாவுக்குப் பதிலாக எடுத்த மஞ்சள் மாத்திரை, டொக்டர் சொன்னதைச் செய்தது. காய்ச்சல் திரும்பவில்லை, விலாவின் கீழிருந்த கல் கரைந்தது, கண்ணின் வெள்ளை தொடங்கி உள்ளங்கை வரை மஞ்சளானேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க, மாப்பிள்ளதான் காணோம்" என்று ஞானம்மா சாடை காட்டிச் சொன்னார். அந்தச் சாடையை விளங்கிக்கொள்ள எனக்குச் சிலேட்டுத் தேவைப்படவில்லை.

ஈஸ்டர் வந்தது. எல்லாரும் பாடிய மிக உற்சாகமான பாட்டை நான் உறுமலாகத்தான் கேட்டேன். மறுவாரம் டொக்டரிடம் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புது ஆளைப் போட்டனான். வந்த கையோட அவருக்கும் காய்ச்சல். யன்னல் பூட்டிக் கிடக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சிரிக்காதையும் பிள்ளை" என்றார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் புது ஆள் எழும்பி வருமட்டும் எனக்கு அவகாசம் கிடைத்திருந்தது. அவர் சீக்கிரம் குணமாக வேண்டும் என்றும் ஜெபித்தேன். அது அவ்வளவு சுலபமான ஜெபமாக இருக்கவில்லை.

அதற்குப் பிந்திய ஒரு ஞாயிறு. திருநாளும் இல்லை, விசேஷமும் இல்லை, வெளியே தூறல். இரண்டாம் பாட்டில் ஓர் அடியைச் சொல்லிவிட்டு ஞானம்மாவின் கையைப் பார்த்தபடி நின்றேன். ஆண்களின் உறுமல் எழுந்து அடங்கியது. அடங்கிய இடத்தில் ஏதோ மிச்சம் இருந்தது. தூரத்தில் ஒரு நூல்போல. வண்டு என்று நினைத்தேன். வண்டு ஒரே சுருதியில் நிற்கும். இது நடுங்கியது, கொஞ்சம் கீழே விழுந்தது, தன்னைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறியது. கடைசி எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அது முடியும் வரை கேட்டேன். முடிந்ததும் அடுத்த அடியைச் சொன்னேன்.

ஞானம்மாவின் கை மடியிலேயே இருந்தது. நான் சொன்ன பிறகே அதைப் பாதி தூக்கியவர் அப்படியே நிறுத்தி, என்னைப் பார்த்தார். பாடவேண்டிய அடியைச் சபை பாடவில்லை. சில பேர் அழுதார்கள். உபதேசியார்தான் அந்த அடியைத் தொடங்கி வைத்தார். அதை அன்று பலமுறை திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பெண்கள் பக்கத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சத்தம் வந்தது.

வாசலில் ஞானம்மா என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நான் கை காட்டலயே! எப்படீங்க சொன்னீங்க?"

"உங்கட இழுவை கேட்டது."

"என் இழுவையா? எல்லாரும் அத நிறுத்து நிறுத்துங்குறாங்க. கர்த்தர் மொதல்ல அதயா கேக்க வச்சாரு?" என்று சொல்லிச் சிரித்தார். சொன்னதில் பாதிதான் கேட்டது. போதுமாக இருந்தது.

நான் யன்னலுக்குத் திரும்பினேன். அதற்குமுன் டொக்டர் தன் சட்டைப்பைக் கடிகாரத்தைக் காதருகே பிடித்துச் சோதித்தார். வலது காதில் அதன் துடிப்பு கேட்டது. இடது காதில் மிக அருகே பிடித்தால் மட்டும். "யன்னலுக்கு இது காணும்" என்றார். புதிதாக வந்தவர் காய்ச்சல் ஆறி வேறொரு டிஸ்பென்சரிக்கு மனநிறைவோடு போனார். வண்டு முழுதாகப் போகவில்லை. களைத்த நாட்களில் வருகிறது.

கொயினா குடித்துக் காது இரைகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம். இரைச்சலை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கேட்கவில்லை என்பதை வீட்டில் மறைக்கவேண்டாம். ஆலயத்துக்குப் போவதை விடவேண்டாம். முன்னால் உட்காரும் ஒருவரிடம் கை காட்டச் சொல்லுங்கள்.

முன்பு என் உடம்பை என்னுடைய கருவி என்று நினைத்திருந்தேன். தராசைப்போல, சரியாக வைத்தால் சரியாக நிற்கும். இப்போது அது எனக்குத் தவணை முறையில் திருப்பித் தரப்பட்டது என்று நினைக்கிறேன், இடது காதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு. யன்னலில் ஒருவர் சொல்லி முடித்த பின்னும் சற்றுப் பொறுக்கிறேன். பெரும்பாலும் சொல்ல வந்தது அந்தப் பொறுத்த இடத்தில்தான் வருகிறது.

மௌன ஜெபத்தில் இப்போது தூரத்து ரயிலும், யாரோ ஒருவரின் இருமலும், குழந்தையின் சிணுங்கலும் கேட்கின்றன. அவற்றை நான் அமைதி என்றே எண்ணிக்கொள்கிறேன். ஞாயிறு தோறும் இன்னும் அடி கொடுக்கிறேன். ஞானம்மா கை காட்டுவதில்லை, தேவையில்லை. சபை முடித்து மூச்சு வாங்குகிறது. அவர் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார். நான் வாயை மூடிக்கொண்டு, அவர் விடும் வரை நிற்கிறேன்.