இரண்டாவது கோடு சிவந்த நாட்கள்

காலையில் கண் விழித்ததும் என் கணவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்பதுதான். தலைவலி தேவலையா என்று இல்லை. கருமுட்டை வெளிவரும் நாள் நெருங்கிவிட்டதா என்று கேட்பார். எந்த ஆம்பிளை இதையெல்லாம் கேட்பான்? நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மற்ற டீச்சர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். “குடுத்து வெச்சவடி நீ” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மண்டு.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய சமயம் அது. கல்யாணமாகி வேலூரிலிருந்து பெங்களூர் வந்து மூன்று வருஷம் ஓடியிருந்தது. பிரேசர் டவுனில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். கீழே ஓனரம்மா. அவருக்கு, அதாவது என் கணவருக்கு, வெளிநாட்டுக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட் என்று மாறி மாறி வரும். எங்களுக்கு இன்னும் போன் கிடைக்கவில்லை. எங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் ஓனரம்மா வீட்டு போனுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் மாமியார் அதில் கூப்பிடுவார். “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?” என்பார். இல்லை அத்தை என்பேன். “எம் புள்ள ஜாதகத்துல புத்திர பாக்கியம் பளிச்சுன்னு இருக்கே” என்பார். அப்படியென்றால் யாரிடம் இல்லை என்பதை நானே புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குக் குழந்தை வேண்டும். மாமியாருக்காக இல்லை, ஊருக்காக இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கையை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

லேடி டாக்டரிடம் போனேன். கன்னடக்காரம்மா, ஆனால் கண்டோன்மென்ட் பக்கத்து நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. “நோடம்மா, இங்க பாரு, உடம்பே எல்லாம் சொல்லும். நீ கவனிக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்” என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கருமுட்டை வரும் சமயம் நெருங்கினால் வெள்ளைப்படுவது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாகும். விரலில் இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும். சிலருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கும். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துப் பார்க்க வேண்டும். முட்டை வெளியே வந்த பிறகு சூடு கொஞ்சம் ஏறி அப்படியே நிற்கும். அது நடந்து முடிந்ததைச் சொல்லும், வழுவழுப்பு வரப்போவதைச் சொல்லும் என்றார். சேர வேண்டிய நாட்கள் அந்த வழுவழுப்பு இருக்கும் நாட்கள்தாம் என்று என் கணவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கடைசியாக, சிறுநீரில் பார்க்கும் பட்டை. அதை வாங்கப் போன கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மெடிக்கல் ஷாப்காரர் கர்ப்பம் பார்க்கும் அட்டையை எடுத்து நீட்டினார். “இது இல்லீங்க, இதுக்கு முன்னாடி பாக்கறது” என்றேன். “இதுக்கு முன்னாடி என்ன மேடம் பாக்கறது?” என்று கேட்டார் அந்த மனுஷன், கடை நிறைய ஆள் நிற்கும்போது. பின்னால் யாரோ இருமினார்கள். சரியானதை வாங்கி வந்தபிறகும் எனக்கு முதலில் பிடிபடவில்லை. கர்ப்பச் சோதனையில் இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் வந்ததுதான். இதில் அப்படி இல்லை. மங்கலான கோடு எல்லா நாளும் வந்து ஏமாற்றும். பக்கத்துக் கோட்டுக்குச் சமமாக, அல்லது அதைவிட அழுத்தமாகச் சிவந்தால்தான் ஒன்றிரண்டு நாளில் முட்டை வெளிவரும் என்று அர்த்தம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாத்ரூமுக்குள் போய்ப் பட்டையை நனைத்து, குழாய் மேல் வைத்துவிட்டு, சாமி கும்பிடுகிற மாதிரி அதன் முன்னால் நிற்பேன். சிவந்துவிட்டால் அவர் ஆபீசுக்குப் போன் போட, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடுவேன். பூத்துக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாரே, எதைச் சொல்ல? அதனால் ஒரு வார்த்தை பேசி வைத்திருந்தோம். “இன்னைக்கு விருந்தாளி வராங்க” என்பேன். அந்தப் பக்கம் என் கணவர் “சரி, சரி” என்பார். பூத்துக்கார பாய் ஒருநாள் கேட்டேவிட்டார். “இன்னா மேடம், மாசாமாசம் ஒங்க வூட்டுக்கு விருந்தாளியா? பிரியாணிதான் போங்க!”

நான் வீடு திரும்பிக் காபி கலப்பதற்குள் ஓனரம்மா கீழேயிருந்து கூப்பிடுவார். என் கணவர் லைனில் இருப்பார். “ஒரு பிரச்சனை. திடீர்னு நைட் போட்டுட்டாங்க. நான் என்ன பண்ண?” என்பார். குரல் அவ்வளவு நொந்துபோயிருக்கும். நானே ஆறுதல் சொல்வேன். பாவம், அவர் என்ன செய்வார், கம்பெனி அப்படி. சில மாதங்களில் வழுவழுப்பு ஆரம்பித்ததைக் காலையில் நான் சொன்ன அன்றே வாரம் முழுக்க நைட் விழுந்துவிடும். அவர் விடிந்து வந்து படுக்கும்போது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். தெர்மாமீட்டரில் சூடு ஏறி நின்ற பிறகு ஷிப்ட் மாறிவிடும். அந்த நாட்களில் மல்லிகைப்பூ வாங்கி வருவார், சினிமாவுக்குக் கூப்பிடுவார், பிரியமாக இருப்பார். என் நேரம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு மேலும் சந்தேகம் வந்தது. இவ்வளவு அடையாளம் காட்டுகிற உடம்பு உள்ளே ஏதோ வஞ்சகம் செய்கிறது என்று அதைத் திட்டியிருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனதும், கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மருந்தை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். வலிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இப்படி வலிக்கும் என்று சொல்லவில்லை. அந்த இரும்பு மேஜையில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதபடி கிடந்தேன். வெளியே வந்தபோது அவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என் தலையைத் தடவிக்கொடுத்தார். அடைப்பு எதுவும் இல்லை.

அதற்கடுத்து வந்ததுதான் அந்த வளைகாப்பு. அவரோடு ஒரே டீமில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கு. தர்மபுரிப் பக்கத்துப் பெண், நீலசந்திராவில் வீடு. வளைகாப்பில் குழந்தைக்காகக் காத்திருக்கிறவளைப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கும் வளையல் போட்டால் அடுத்த முறை அவளுக்குத்தான் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பெண் என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல். யாரோ ஓர் அம்மா என் விரல்களைக் குவித்து அழுத்தி வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் என் காதருகே வந்து சிரித்தாள்.

“அக்கா, இதுக்கெல்லாம் எங்கண்ணனுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்” என்றாள். அண்ணன் என்றது என் கணவரை.

“எதுக்குமா?”

“அவரில்லன்னா இவரு எங்க வூட்ல இருந்தாரு? மாசாமாசம் அண்ணனே வந்து, உன் நைட்ட எனக்குக் குடுத்துட்டு நீ வீட்டுக்குப் போடான்னு மாத்திக்குவாராம். யாராச்சும் நைட்ட கேட்டு வாங்குவாங்களா சொல்லுங்க? தங்கமான மனுஷன்க்கா.”

எழுந்து ஓடவும் முடியாது, கை அந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. “கைய இறுக்காதம்மா, வளையல் ஒடஞ்சிடும்” என்றார் அவர். எல்லோரும் பாடினார்கள், ஆரத்தி எடுத்தார்கள். ஐந்து வகைச் சாதமும் இலையில் விழுந்தது. சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. காலையில் கேட்ட “இன்னைக்கு எப்படி இருக்கு?” அக்கறை இல்லை, வேவு. நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்ன விருந்தாளிச் செய்தியைக் கேட்டுத்தான் அவர் ஷிப்டை மாற்றியிருக்கிறார். எந்த நாளில் பிள்ளை தங்குமோ அந்த நாளை மாதந்தவறாமல் நானே அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அடப்பாவி! கடையில் அவமானப்பட்டு நான் வாங்கி வந்த பட்டை, பிள்ளை வராமலிருக்க அவருக்குப் பயன்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வளையலைக் கழற்றாமலேயே அவரிடம் கேட்டேன். முதலில் “யார் சொன்னது?” என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

“அமெரிக்கா அனுப்பப் போற லிஸ்ட்ல என் பேரு இருக்கு. வீட்ல குழந்தை, ஆஸ்பத்திரின்னா வேற ஆளத்தான் அனுப்புவாங்க. போயிட்டு வந்து பெத்துக்கலாம்னுதான்...”

“அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. அழுவே.”

“அந்த எக்ஸ்ரே மேஜையில அழுதேனே, அப்ப சொல்லியிருக்கலாமே!”

இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். எனக்கு நம்ப வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் கூப்பிட்டபோது, ரிசீவரை அவரிடம் கொடுத்து, “நீங்களே சொல்லுங்க” என்றேன். உண்மையைச் சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “பாத்துட்டுதாம்மா இருக்கோம். அவளுக்கு இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம்.”

அவரை அங்கேயே விட்டுவிட்டு மாடி ஏறினேன்.

அடுத்த மாதம் பட்டை சிவந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மதியம், மீன் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் அழுத்தமாகச் சிவந்திருந்தன. ஹாலில் அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்ன ஆச்சு?”

என் வாயில் அது எப்படி வந்ததோ தெரியாது. “இல்லங்க. ரெண்டாவது கோடு மங்கலாத்தான் இருக்கு” என்றேன்.

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. முகத்தில் அப்படியொரு நிம்மதி. “சரி விடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம். பசிக்குது, சாப்பாடு போடறியா?” என்றார். அவ்வளவு ஆசையாகப் பேசினார்.

சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்ப் பட்டையை எடுத்து வந்து, இரண்டு கோடும் அவருக்கு நன்றாகத் தெரியும்படி தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“இனிமே காலைல கேக்காதீங்க, எப்படி இருக்குன்னு” என்றேன்.

கீழே போன் அடித்தது. ஓனரம்மா கூப்பிட்டார். என் கணவர் எச்சில் கையோடு எழுந்திருப்பதற்குள் நான் இறங்கிப் போய் ரிசீவரை வாங்கிக்கொண்டேன். வழக்கம்போல மாமியார், “என்னம்மா, விசேஷம் ஏதாவது...” என்று ஆரம்பித்தார்.

“அத்தை, எனக்கு ஒரு கொறையும் இல்ல. உங்க புள்ளதான் நாள் பாத்து நைட் ஷிப்ட் வாங்கிட்டுப் போயிடறாரு. அவருக்கு இப்ப குழந்தை வேணாமாம்.”

“சீ! இதெல்லாம் ஒரு பொம்பள போன்ல பேசற பேச்சா?” என்றார்.

“மூணு வருஷமா நீங்க என்னைக் கேட்டதும் இதே போன்லதான் அத்தை” என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.